யார் சொன்னது?

அன்புள்ள அக்கா,

நான் கடலூர்க்காரன், மீனவக் குடும்பம். புதுச்சேரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சமூக வலைத்தளங்கள் நம் சமுதாயத்தை எப்படி மாற்றுகின்றன என்பது தலைப்பு. கூகுள் படிவத்தில் 400 பேரிடம் கருத்துக் கேட்டால் போதும் என்கிறார் கைடு. முன்பு ட்விட்டரிலிருந்து தரவு இலவசமாகக் கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை. அதனால் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் வருவதையெல்லாம் ஆறு மாதமாகச் சேமித்து வருகிறேன். குழுவில் யாருக்கும் தெரியாது.

ஸ்மார்ட்போன் வந்த பிறகுதான் நம் மக்கள் வதந்திக்கு அடிமையானார்கள் என்பது என் கருதுகோள். பொய் உண்மையைவிட வேகமாகப் பரவுகிறது என்று 2018இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையும் சொல்கிறது. மீன் விற்கும் என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரே நாளெல்லாம் குழுவில் வரும் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதற்கு எந்தக் கோட்பாடு பொருந்தும்? படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் தர முடியுமா?

வீ.

அன்புள்ள தம்பி வீ.,

உங்கள் கடிதம் டிசம்பர் கடைசி வாரத்தில் வந்தது. அந்த வாரத்தில் நான் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. கடலூர்க்காரரான உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கருதுகோளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பட்டியல் தரப்போவதில்லை. உங்கள் நூலகர் என்னைவிட நன்றாகத் தருவார். கோட்பாட்டுக்கும் இப்போது அவசரமில்லை. சட்டையைத் தைத்து வைத்துவிட்டு உடம்பைத் தேடுகிறீர்கள்.

கூகுள் படிவத்தை யாருக்கு அனுப்புவீர்கள்? உங்களோடு படித்தவர்களுக்கு. அவர்கள் தங்களோடு படித்தவர்களுக்கு அனுப்புவார்கள். 400 பேரும் கிட்டத்தட்ட உங்கள் வயது, உங்கள் படிப்பு. அந்தப் படிவம் உங்கள் அம்மாவின் கைக்கு வராது, வந்தாலும் அவரால் நிரப்ப முடியாது. இதைக் கைடிடம் நீங்களே பேசுங்கள். தரவு போய்விட்டதே என்றும் புலம்ப வேண்டாம். ட்விட்டர் 2023இல் இலவச வாசலை அடைத்தது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிலை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் பெரிய இழப்புதான். உங்கள் ஊர் எப்போது தம்பி ட்விட்டரில் இருந்தது?

நீங்கள் சொல்லும் சயன்ஸ் கட்டுரை நல்ல கட்டுரை. வொசூகி, ராய், அரல் மூவரும் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 1,500 பேரிடம் போய்ச் சேர, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆனது. இதை எடுத்துக்கொண்டீர்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. தானியங்கிக் கணக்குகள் பொய்யையும் மெய்யையும் ஒரே அளவில்தான் தூக்கிவிட்டன. பொய்க்குக் கூடுதல் வேகம் கொடுத்தவர்கள் மனிதர்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

2004 டிசம்பர் 30. சுனாமி அலை அடித்து நாலு நாள் ஆகியிருந்தது. நான் அப்போது புதுப்பாளையத்தில் குடியிருந்தேன். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேவனாம்பட்டினத்துக் குடும்பங்கள் தங்கியிருந்தன. பாய், போர்வை கணக்கு எழுதுவதும் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கலக்கிக் கொடுப்பதும் என் வேலை. திடீரென்று தெருவில் சத்தம்: "தண்ணி வருது!" மறுபடியும் அலை வரலாம் என்று மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்ததும், அது தமிழகக் கடற்கரை முழுக்கப் பரவியதும், அது தவறானது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. மண்டபமே எழுந்து ஓடியது. நானும் ஓடினேன், ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு. கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் வந்துதான் நின்றோம். மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் கேட்டேன், "யாரும்மா சொன்னது தண்ணி வருதுன்னு?"

"நீங்கதானக்கா சொன்னீங்க."

சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பதில் என்னோடு இருக்கிறது. வாட்ஸப் பிறக்க அப்போது இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மேலிடமும் தெரியாது, எச்சரிக்கையும் தெரியாது. நாலு நாளாகப் பால் கலக்கிக் கொடுத்த ஆள் ஓடினாள், அதனால் அவளும் ஓடினாள்.

அதே வாரம், 26ஆம் தேதி, புதுச்சேரியின் நல்லவாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரின் தகவல் மையத்திலிருந்து மைக்கில் அறிவித்தார்கள், ஊர் விலகி ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். போன் செய்தவர் அந்த மையத்திலேயே முன்பு தொண்டராக இருந்தவர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை நடுவாக வைத்து அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படி மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் பார்த்து மைக்கில் சொல்வார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அது உதவியது. நல்லவாட்டில் அந்த ஒரு காலையில் ஊர் நம்பியதற்குப் பின்னால் எத்தனை காலைகள் இருந்திருக்கும்!

26இலும் 30இலும் செய்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், தண்ணீர் வருகிறது என்பது. ஒன்று மெய், மற்றது பொய். இரண்டையும் மக்கள் நம்பிய விதம் ஒன்றே, சொன்ன ஆளை வைத்து நம்பினார்கள். நீங்கள் ஆராய வேண்டியது இதைத்தான். பழக்கம் குறைந்தவர்கள் வழியாகத்தான் புதிய தகவல் வந்து சேரும் என்ற சமூகவியலாளர் கிரனோவெட்டரின் 1973ஆம் வருடக் கட்டுரையை எப்படியும் மேற்கோள் காட்டுவீர்கள். காட்டுங்கள். வந்து சேர்ந்ததை யாரை வைத்து நம்புகிறோம் என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருவது 2012இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக்கில் 6.1 கோடி பேரை வைத்துச் செய்தது. சிலருக்கு 'இன்று தேர்தல்' என்ற அறிவிப்பு மட்டும். பெரும்பாலானவர்களுக்கு அதோடு, வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களும். வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்கள், எதையும் பார்க்காதவர்களைவிட அதிகமாக வாக்களிக்கவில்லை. முகங்களைப் பார்த்தவர்கள் சிறிதளவு கூடுதலாக வாக்களித்தார்கள். அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவியதும் நெருங்கிய நண்பர்கள் வழியாகத்தான். அறிவிப்பு ஒன்றும் செய்யவில்லை, தம்பி. முகம் செய்தது.

இனி கோபப்படப் போகிறேன். குழுவில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படி மனம் வந்தது? 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேருக்கு அவர்களிடம் சொல்லாமலேயே, கண்ணில் படும் பதிவுகளில் மகிழ்ச்சியையோ சோகத்தையோ குறைத்துப் பார்த்தது. 2014இல் ஆய்வு வெளிவந்தபோது உலகமே கொதித்தது. கண்டுபிடித்த விளைவு கடுகளவு. அவர்களாவது முகம் தெரியாத கம்பெனி. உங்களைக் குழுவில் சேர்த்தது உங்கள் மாமனும் சித்தப்பாவும். ஊர்ப் பிள்ளை என்று சேர்த்தார்கள். படகுப் பங்குச் சண்டை, கடன், சாவுச் செய்தி, கல்யாணத் தகராறு எல்லாம் அந்த நம்பிக்கையில்தான் அங்கே வருகின்றன. நம்பிக்கையை ஆராயப் போகிறவர் அதையே திருடலாமா? அழித்துவிடுங்கள். ஆறு மாத உழைப்பு என்று சொல்லாதீர்கள், இன்றே அழியுங்கள். அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நின்று, இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லுங்கள். நாட்டார் கேட்கும் கேள்விகள் உங்கள் வாய்மொழித் தேர்வைவிடக் கடினமாக இருக்கும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

பட்டியல் கேட்டீர்கள், ஒன்றே ஒன்று சொல்கிறேன். தென்னிந்தியச் சமூக ஊடகம் பற்றி ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய நூல், 2017இல் வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னைக்கு அருகே 15 மாதம் மக்களோடு இருந்து எழுதினார். அந்த இடத்தின் பெயரைக்கூடப் 'பஞ்சகிராமி' என்று மாற்றித்தான் எழுதினார். ஏன் மாற்றினார் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதிய வரியில் 'அவரே' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்தில் வரும் ஃபார்வர்டுக்கு முகம் கிடையாது. வாய்ஸ் மெசேஜில் ஆள் இருக்கிறார். யார் குடித்துவிட்டுப் பேசுகிறார், யார் உண்மையாகவே பயந்திருக்கிறார் என்று குரலை வைத்து உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஏலத்தில் நிற்கும் பெண்ணின் காது அது. எந்தக் குரல் வந்தால் பாதியில் நிறுத்துவார், எதை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லி உங்களிடம் போனை நீட்டுவார், யார் சொன்னால் கூடையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புவார் என்று கேளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள், விடியலில் அவருக்கு வேலை இருக்கும்.

கேட்டதை எனக்கு எழுதுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அவரிடம் அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சும்மா பேசிக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
அக்கா