லேஸ் நூலும் கல்மாலையும்

அன்புள்ள ஐயா,

நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் களியக்காவிளையில் பிறந்தவள். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்ததைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அதை எதிர்த்த பெண்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை. தோள்சீலைக்காக நின்றவர்களையே அடிமைப் பெண்கள் என்று கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்படிக் கொள்ளக் கூடாது என்றே நினைக்கிறேன். தோள்சீலைக்காக அடிபட்ட நாடார் பெண்கள் கூலியில்லா ஊழியமும் வரியும் சுமந்தவர்கள். அவர்கள் விடாமல் நின்றதால்தான் 1859-இல் அரசாணை வந்தது. ஆனால் விற்கவும் ஒற்றி வைக்கவும்பட்டவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர், குறவர். 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூர் அடிமைகளின் தொகை 1,64,864. மலபாரில் அடிமையைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டால் ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம் (அந்நாளைய நாணயம்), பெண்ணுக்கு அதில் பாதி என்று அங்கே பயணம் செய்த புக்கானன் குறித்திருக்கிறார். இரண்டு வரலாறுகளையும் ஒன்றாகக் கலந்தால் அந்தப் பாதி விலைப் பெண்கள் மறுபடியும் காணாமற்போவார்கள்.

அவர்களைத் தேட நாகர்கோவிலுக்கே போகலாம். அங்கே கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்கள் உறைவிடப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சிறுமிகள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்து, உடையவரிடம் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். என் சிறுவயதில் பக்கத்து வீட்டுப் பாட்டி உருளைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் நீளம் வருவதற்குள் வெயில் முற்றத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் தன் விலையைத் தானே பின்னி முடித்த ஒரு சிறுமியை நினைத்தால் எனக்கு நெஞ்சடைக்கிறது. இதை மிஷனின் தொண்டு என்று மட்டும் எழுதிவைத்தார்கள். தொண்டுதான், மறுக்கவில்லை, ஆனால் விடுதலைக்கான பணம் அந்தப் பிள்ளைகளின் விரல்களிலிருந்து வந்தது.

1855-இல் அரசாணையால் அடிமை முறை ஒழிந்தது. 60 ஆண்டுகள் கழித்தும் புலையர் பெண்களின் கழுத்தில் சாதி அடையாளமாகக் கல்மாலை கிடந்தது. 1915-இல் கொல்லத்தில் புலையர் தலைவர் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் அவர்கள் அதை அறுத்தெறிந்தார்கள், மாலைகள் குவிந்தன. கூட்டியவரின் பெயர் நிலைத்தது, அது நியாயமே. அறுத்தவர்களுக்கு வீடு திரும்பும் வழி இருந்தது, மறுநாள் அதே ஜன்மியின், நிலவுடைமையாளரின், வயல் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து ஊருட்டம்பலம் அதிக தூரமில்லை. அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கைபிடித்து அழைத்துச் சென்றதற்காக எரிக்கப்பட்ட பள்ளி அங்கேதான் இருக்கிறது. பாதி கருகிய பெஞ்சை இன்றும் பாதுகாக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.