மூடுலில் (ஆன்லைனில் பாடம் நடத்தும் Moodle மென்பொருள்) கெடு வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: போன பருவத்துக் கோர்ஸையே மறுபடியும் நடத்துகிறேன். தொடக்கத் தேதியை மாற்றியும் அசைன்மென்ட் தேதிகள் பழையபடியே நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டுமா சார்?

வேண்டாம். செட்டிங்ஸில் மாற்றினால் அசைன்மென்ட் கெடு எதுவும் நகராது. கோர்ஸை மறுபடி நடத்தத் தயார்செய்யும் ரீசெட் பக்கத்தில் புதுத் தொடக்கத் தேதியைக் கொடுங்கள். தொடக்கம் எத்தனை நாள் தள்ளுகிறதோ, அத்தனை நாள் அசைன்மென்டும் குவிஸும் தள்ளிப் போகும். முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். மாணவர்கள் ஒப்படைத்ததை அழிக்கும் டிக்குகளும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, நாள்களை 7-இன் மடங்காகத் தள்ளுங்கள். ஜூன் 10-இல் தொடங்கிய கோர்ஸை டிசம்பர் 2-க்கு நகர்த்தினால் 175 நாள், சரியாக 25 வாரம்; வெள்ளிக்கிழமைக் கெடு வெள்ளிக்கிழமையாகவே இருக்கும். ஆனால் விடுமுறை மூடுலுக்குத் தெரியாது. ஜூலை 24 கெடு ஜனவரி 15-இல், பொங்கல் நேரத்தில் வந்து உட்காரும். அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் கோர்ஸில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். அவரவர் சேர்ந்த நாளிலிருந்து 14 நாள் கெடு வைக்க முடியுமா?

சார்புத் தேதி முறை (relative dates) என்று ஒன்று உண்டு, அவரவர் சேர்ந்த நாளை வைத்துக் கெடுவைக் கணக்கிடும். இது சோதனை நிலை வசதி. அட்மின் திறந்துவிட வேண்டும், கோர்ஸை உருவாக்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், அசைன்மென்டுக்கு மட்டும்தான் செல்லும். குவிஸ் நிறைய இருந்தால் இதை நம்பாதீர்கள். நானாக இருந்தால் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்களை ஒரு குரூப்பாக்கி, குரூப் ஓவர்ரைடில் (ஒரு குரூப்புக்கு மட்டும் தனித் தேதி வைக்கும் வசதி) தேதி கொடுப்பேன். கொஞ்சம் கைவேலைதான், ஆனால் யாருக்கு என்ன தேதி என்று ஒரே பார்வையில் தெரியும்.

கேள்வி: முதல் குவிஸை முடித்தவருக்கு மட்டும் அடுத்த பாடம் திறக்க வேண்டும்.

அடுத்த பாடத்தின் அணுகல் கட்டுப்பாட்டில் (Restrict access) முதல் குவிஸை 'முடித்திருக்க வேண்டும்' என்று வையுங்கள். முடித்து 7 நாள் கழித்துத் திறக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி பிளகின் (மூடுலோடு சேர்க்கும் துணை மென்பொருள்) போட வேண்டும். இரண்டுமே கதவைத்தான் திறக்கும், அசைன்மென்டின் கெடுவை மாற்றாது.

கேள்வி: 15-ஆம் தேதி என்றுதானே போட்டேன், பிள்ளைகள் அன்று காலையே 'தாமதம்' என்று வருகிறது என்கிறார்களே?

மணி 00:00 என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் 14-ஆம் தேதி இரவோடு கெடு முடிந்துவிட்டது. பிள்ளை 15 முழுவதும் கைவசம் இருக்கிறது என்று நினைத்திருக்கும், அது நியாயம்தானே? 23:59 வையுங்கள். இந்திய நேரப்படி வைத்த அதுவே சிங்கப்பூரிலிருந்து படிப்பவருக்கு மறுநாள் 02:29 என்று தெரியும், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த முறை தாமதம் என்று வந்த எல்லோருக்கும் நீட்டிப்பு கொடுத்துவிடுங்கள்.