டீசல்தான் பம்புக்கு ஆயில்: பிக்கப், லாரி ஓட்டுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

டீசல் வண்டிகளின் உயரழுத்த பம்ப் பற்றி சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு விஷயம். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் இந்த பம்ப் டீசலை 1,600 பார், 2,000 பார் என்று அழுத்தி ரெயிலுக்கு, அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குழாய்க்கு, அனுப்புகிறது. பிக்கப், வேன், சிறிய லாரிகளில் பெரும்பாலானவற்றில் இந்த பம்புக்குள் உரசும் இரும்புக்கு எஞ்சின் ஆயில் போகாது. உள்ளே ஓடும் டீசலேதான் அதற்கு வழுவழுப்பு, அதுவேதான் குளிர்ச்சி. டீசல் கெட்டால் பம்ப் கெடும்.

கேள்வி: அண்ணா, ஜூரோங்கில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் ஃபில்டர் படம் போட்ட விளக்கு இரண்டு நாளாக எரிகிறது. முதலாளியிடம் சொன்னேன். அடுத்த மாதம் சர்வீஸ் இருக்கிறது, அதுவரை ஓட்டு என்கிறார். ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது தம்பி. அது ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அதனால் கீழே தங்கும். அங்கே இருக்கும் சென்சார் வரை தண்ணீர் ஏறியதும் விளக்கு எரிகிறது. இன்னும் ஏறினால் தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி பம்புக்குள் போகும். தண்ணீருக்கு டீசலின் வழுவழுப்பு கிடையாது. உலோகம் உலோகத்தோடு நேராக உரசும், நிறுத்திவைத்த நேரத்தில் துருவும் பிடிக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், செய்ய வேண்டிய வேலை பத்து நிமிடத்து வேலைதான். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் செய்யுங்கள். இரவு முழுக்க அசையாமல் நின்றதால் தண்ணீர் நன்றாக அடியில் இறங்கியிருக்கும். ஃபில்டருக்குக் கீழே ஒரு கண்ணாடி போத்தலைப் பிடித்து, அடியில் உள்ள திருகைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீரும் அழுக்கும் வரும். சுத்தமான டீசல் வர ஆரம்பித்ததும் திருகை மூடிவிடுங்கள். ஃபில்டர் தலையில் கைபம்ப் இருந்தால் அது இறுகும் வரை அமுக்கிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். போத்தலை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள்: அடியில் தண்ணீர், மேலே டீசல் என்று கோடு போட்டது போலப் பிரிந்து நிற்கும். அதை வடிகாலில் ஊற்றாதீர்கள், அது குற்றம். ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் டிரம் இருக்கும், அதில் ஊற்றுங்கள்.

விளக்கு இரண்டு மூன்று நாளில் மறுபடி வந்தால் டேங்கிலேயே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும்.

இன்னொன்று. விளக்கு எரிவதை ஒரு படம் எடுத்து, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு பம்ப் போனால் ‘டிரைவர் சொல்லவே இல்லை’ என்ற பேச்சு உங்கள் தலையில் விழக்கூடாது. இதைப் படிக்கும் முதலாளிகளுக்கும் சொல்கிறேன்: விளக்கு எரிகிறது என்று வண்டியை ஓரம் கட்டுகிற டிரைவரைத் திட்டாதீர்கள். அவர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார். ஒரு முறை திட்டு வாங்கினவர் அடுத்த முறை விளக்கைப் பார்த்தும் பார்க்காதது போல ஓட்டுவார். பம்ப் போகிற வண்டிகளில் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: தேக்கா பக்கம் கேட்டரிங் நடத்துகிறோம். வேன் நாள் முழுக்க நின்று நின்று போகும். டீசல் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? கடையில் பாதி விலைக்கும் ஃபில்டர் கிடைக்கிறதே?

கையேட்டில் போட்டிருக்கும் கணக்கை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல நகருக்குள் ஓடும் வண்டி என்றால் 20,000 கிலோமீட்டரில் மாற்றிவிடச் சொல்வேன். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பாதி விலை ஃபில்டர் வேண்டாம். இந்த அமைப்பில் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசுதான் இங்கே எதிரி, அதைப் பிடிப்பதுதான் நல்ல ஃபில்டரின் வேலை. மலிவு ஃபில்டரும் வெளியிலிருந்து பார்க்க அதே போலத்தான் இருக்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புது ஃபில்டரைப் போட்டுவிட்டு, காற்றை எடுக்காமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த அரை நிமிடமும் பம்ப் காய்ந்து சுற்றுகிறது. புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புவதும் தவறுதான். சலிக்காத டீசல் நேராக பம்புக்குப் போகும். கைபம்ப் உள்ள வண்டியில் கைபம்ப். டேங்கில் மின்சார பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்து, சில வினாடி விட்டு, ஆஃப் செய்து, இப்படி நான்கைந்து தடவை.

கேள்வி: வாரம் இரண்டு மூன்று முறை ஜோகூருக்குச் சரக்கு எடுத்துப் போகிறேன். அங்கே டீசல் அடித்தால் பம்புக்குக் கெடுதல் என்கிறார்கள். உண்மையா?

இது பழைய காலத்துப் பேச்சு. மலேசியாவில் 2021 ஏப்ரலிலிருந்து யூரோ 5 டீசல்தான். கந்தகம் 10 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சம் பங்கில் பத்துக்குள். சிங்கப்பூரில் 2013 முதல் இருப்பதும் அதே அளவுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்குள்ள டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் 10 சதவீதம் வரை கலக்கிறார்கள். பயோடீசல் வழுவழுப்பைக் கூட்டும், பம்புக்கு அது நல்லதுதான். ஆனால் சாதா டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். அதனால் அங்கே அடிக்க ஆரம்பித்த புதிதில் ஃபில்டரைச் சீக்கிரமாக மாற்றுங்கள், தண்ணீரை மாதம் ஒரு முறை வடித்துப் பாருங்கள். வண்டி பல வாரம் நிற்கப்போகிறது என்றால் அந்த டீசலோடு நிறுத்தாதீர்கள். நிறைய வண்டி வந்துபோகிற ஸ்டேஷனாகப் பார்த்து அடித்தால் சரக்கும் புதிதாக இருக்கும்.

கேள்வி: துவாஸில் சைட் சூப்பர்வைசர். ஜெனரேட்டருக்காக வைத்திருக்கும் டிரம்மிலிருந்தே எங்கள் பிக்கப்புக்கும் ஊற்றிக்கொள்கிறோம். இரண்டு வருடத்தில் இரண்டாவது பம்ப் மாற்றியாயிற்று. ஏன் இப்படி?

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். முதலில் சட்டம்: 2017 பிப்ரவரியிலிருந்து சாலை வண்டிகளின் டீசலுக்குத் தீர்வை உண்டு. தீர்வை கட்டாத டீசலைச் சாலை வண்டியில் ஊற்றக்கூடாது.

அடுத்தது தண்ணீர். டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருப்பீர்கள். மழை பெய்தால் மேல் மூடியைச் சுற்றி, விளிம்புக்குள் தண்ணீர் குளம் கட்டும். பகல் வெயிலில் டிரம்முக்குள் காற்று விரிந்து மூடியின் திருகு வழியாக வெளியே போகும். மாலை மழையில் டிரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, வெளியே நிற்கும் தண்ணீரை அதே திருகு வழியாக உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்தாலும் இது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். நம் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமிகள் வளரும். டிரம்மின் அடியில் கறுப்பாக, ஜெல்லி மாதிரி வழுக்குகிற ஒன்று தெரிந்தால் அது இதுதான். ஃபில்டரை அடைக்கும், அமிலத்தை உண்டாக்கி உலோகத்தை அரிக்கும்.

ஜெனரேட்டருக்கும் இதே கதிதான் வரும். அதற்காக டிரம்மைக் கூரைக்குக் கீழே வையுங்கள். கூரை இல்லையென்றால் படுக்க வையுங்கள், இரண்டு மூடியும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் இருக்கட்டும். உறிஞ்சும் குழாய் அடியைத் தொடக் கூடாது, ஒரு சாண் மேலே நிற்கட்டும். பிக்கப்புக்கு ஸ்டேஷன் டீசல் மட்டும். அதற்கு முன்னால் அதன் டேங்கை இறக்கிக் கழுவுங்கள், இல்லையென்றால் மூன்றாவது பம்பும் இதே வழியில் போகும்.

கேள்வி: எங்கள் டிரைவர் தெரியாமல் டீசல் டேங்கில் ஆட்புளூ ஊற்றிவிட்டார். ஸ்டார்ட் செய்யவில்லை. ஓட்டினால் எரிந்துபோய்விடும் என்கிறார் ஒருவர்.

எரியாது. ஆட்புளூ என்பது எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்: 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். டீசலைவிடக் கனமானது, நேராக டேங்கின் அடிக்குப் போகும். உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்த உடனே பம்புக்குள் போகும், காய்ந்தால் உப்பு மாதிரிப் படியும், உலோகத்தை அரிக்கும்.

ஸ்டார்ட் செய்யாமல் உங்களிடம் வந்து சொன்னாரே, அந்த டிரைவருக்கு நன்றி சொல்லுங்கள். சாவியைக்கூட ஆன் செய்ய வேண்டாம், டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் டேங்கைக் காலி செய்து கழுவினால் செலவு அதோடு முடியும். பெட்ரோல் ஊற்றிவிட்டாலும் இதே பதில். கொஞ்சம்தானே, டீசலை நிரப்பி ஓட்டிவிடலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டிய லாரிகளில் இன்லைன் என்ற பழைய வகை பம்ப் இருந்தது, அதற்குள் பிஸ்டன்களைத் தள்ளும் கேம்முக்கு எஞ்சின் ஆயில் போகும். இன்றைய பம்ப் அதைத் தாங்காது.

கேள்வி: டேங்கை எப்போதும் கால் அளவிலேயே வைத்து ஓட்டுகிறேன். தவறா?

அதற்குக் கீழே விடாதீர்கள். டேங்கில் காலி இடம் கூடக் கூட, இரவில் ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். முழுக்கத் தீர்ந்து நின்றுவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும், அது இன்னும் மோசம். விரைவுச்சாலையில் அப்படி நின்றால் செல்ஃபை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் ஈமாஸ் அமைப்பின் இழுவை வண்டி பக்கத்துக் கார்ப்பேட்டை வரை இலவசமாகவே இழுத்துப் போகும்.

கேள்வி: என் இசுசு டி-மேக்ஸ் பிக்கப் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கி அடிக்கிறது, சில நேரம் அணைந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பல ஆயிரம் வெள்ளி ஆகுமாம்.

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது பம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு. பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கணக்காகத் திறந்து மூடுவது அதுதான். டென்சோ பம்ப் உள்ள பல ஜப்பானிய பிக்கப், வேன்களில் இந்த வால்வு தேய்ந்தோ அழுக்கில் ஒட்டியோ இதே மாதிரி ஆட்டம் காட்டும். இதைத் தனியாக மாற்றலாம், பம்பின் விலையில் சின்னப் பங்குதான். மாற்றிய பின் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துப் புது வால்வைக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பார்த்தீர்களா, சரியாகவில்லை, பம்ப்தான் என்று சொல்வதும் நடக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஸ்கேனரில் எஞ்சின் கேட்கும் ரெயில் அழுத்தத்தையும், உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். பி0087 என்று பிழைக் குறியீடு வந்தால் அழுத்தம் குறைவு என்றுதான் அர்த்தம், பம்ப் செத்தது என்று அர்த்தமில்லை. அடைத்த ஃபில்டரும், காற்று இழுக்கும் ஹோஸும் அதே குறியீட்டைத்தான் தரும். இரண்டாவது, இன்ஜெக்டர்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலை அளக்கச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகத் திருப்பிவிட்டால் கசிவது அந்த இன்ஜெக்டர். இந்தச் சோதனைகளைச் செய்யாமல் பம்பைக் கழற்ற விடாதீர்கள்.

கேள்வி: அண்ணன் மகன் டெக்சஸில் 2015 செவர்லே சில்வராடோ 2500 டீசல் பிக்கப் வாங்கப்போகிறான். அந்த பம்ப் வெடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களாம்.

வெடிக்காது, அரைத்துவிடும். 2011 முதல் 2016 வரை வந்த 6.6 லிட்டர் டூராமேக்ஸ் எஞ்சினில் (அந்த வண்டியில் இருப்பது அதுதான்) இருப்பது பாஷ் சிபி4 பம்ப். உள்ளே இரண்டு பிஸ்டன், ஒவ்வொன்றுக்கும் கீழே கேம்மின் மேல் உருளும் ஒரு ரோலர். வழுவழுப்புக் குறைந்தோ காற்று புகுந்தோ அந்த ரோலர் தாங்கி திரும்பிவிட்டால், உருள வேண்டிய ரோலர் கேம்மின் மேல் தேய்த்துக்கொண்டே போகும். அந்த இரும்புத் தூள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை போய்விடும். டீசலின் வழுவழுப்பை, அதில் உரசும் இரும்பில் விழும் தேய்மானத் தழும்பை வைத்து அளப்பார்கள். ஐரோப்பிய டீசல் தரத்தில் அந்தத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். வழுவழுப்பு அங்கே அந்த அளவுக்குக் குறையலாம். ராம் பிக்கப்பில் 2019, 2020 மாடல்களில் இதே பம்பைப் போட்டு, பிறகு திரும்ப அழைத்து, பழைய மாடலான சிபி3 பம்புக்கு மாற்றினார்கள். டூராமேக்ஸும் 2017-இல் டென்சோ பம்புக்குப் போனது.

அந்த 2015 வண்டியில் டேங்கில் உதவி பம்ப் கிடையாது. சிபி4-தான் டேங்கிலிருந்தே உறிஞ்ச வேண்டும். ஆகவே வாங்கினால் ஃபில்டரோடு கூடிய ஒரு மின்சார லிஃப்ட் பம்ப் முதலில் போடட்டும். சிபி3-க்கு மாற்றும் கிட்டும் இருக்கிறது, செலவு அதிகம் ஆனாலும் நிம்மதி அதில்தான். பைபாஸ் கிட் என்று ஒன்று விற்கிறார்கள். அது பம்பைக் காப்பாற்றாது. பம்ப் போனால் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல் தடுக்கும், அதுவே பெரிய மிச்சம். வாங்கும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பு இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் பம்புக்கு நல்லதாமே?

வேண்டாம். யூரோ 5, யூரோ 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பில் சாம்பல் சேரும். ஸ்டேஷன் டீசலில் வழுவழுப்பு மருந்து ஏற்கெனவே கலந்துதான் வருகிறது. தண்ணீரை டீசலோடு கலக்கவிடும் வகை மருந்துகளையும் தொடாதீர்கள். ஃபில்டரில் தங்க வேண்டிய தண்ணீர் பம்புக்குள் போய்விடும்.

கேள்வி: பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம், உள்ளே வெள்ளிப் பொடி மாதிரி மினுங்குகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. என்ன செய்வது?

ஓட்டுவதை நிறுத்துங்கள். பொடியை ஒரு வெள்ளைத் துணியில் தட்டி, காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் பெரும்பாலும் பம்ப் உள்ளே தேய்கிறது; ஒட்டாவிட்டால் அலுமினிய உடல் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையில் பம்ப்தான் போயிருக்கிறது என்றால் பம்பை மட்டும் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய தூள் ரெயிலிலும் குழாயிலும் டேங்கிலும் இருக்கும். புது பம்ப் அதையே குடித்துக் கெட்டுப்போகும். இன்ஜெக்டர்களைச் சோதிக்க வேண்டும், ரெயிலையும் உயரழுத்தக் குழாய்களையும் மாற்ற வேண்டும், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். கழுவிய டேங்கை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் போய், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.