கதவுக்கு அடியில் ஒரு துணி

கேள்வி: வீட்டின் பின்அறையைப் பொழுதுபோக்குப் பட்டறையாக வைத்திருக்கிறேன். சால்டரிங், ரெசின் 3டி பிரிண்டர் (பிசின் போன்ற திரவத்தை ஒளியால் இறுகவைத்துப் பொருள் செய்வது), மாதிரி விமானங்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட், எல்லாம் அங்கேதான். ஏசி ஓடுவதால் ஜன்னலைத் திறப்பதில்லை. மேசைமேல் வைக்கிற கார்பன் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வேலை செய்யும்போது மாஸ்க்கும் போட்டுக்கொள்வேன். இது போதுமா, இல்லை ஹெப்பா ஃபில்டர் உள்ள பெரிய இயந்திரம் வாங்க வேண்டுமா? சுவரில் ஓட்டை போட மனமில்லை. எனக்கு இதுவரை உடம்புக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாதான் கொஞ்சம் வாசனை தாங்காதவர், கதவுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வார்.

பதில்: ஃபில்டரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் துணி.

உங்களுக்கு மாஸ்க், அம்மாவுக்குப் பழந்துணி. இதைப் பிரச்சினை என்றுகூட நீங்கள் எழுதவில்லை, அவருடைய சுபாவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாசனை தாங்காதவர் இல்லை, தம்பி. நீங்கள்தான் பழகிப்போனவர். ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் இப்போது ஒழுங்காக வேலை செய்கிற மூக்கு அம்மாவுடையதுதான்.

குனிந்து, தரையில் உட்கார்ந்து, கதவின் நீளத்துக்கும் துணியை நெருக்கிச் செருகுவது வயதானவர்களுக்கு லேசான காரியமா? உங்களிடம் வந்து ‘இதை நிறுத்துடா’ என்று சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பிள்ளை ஆசையாகச் செய்கிறான், நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார். பெற்றவர்கள் வாய்விட்டுக் கேட்காததைத் தெரிந்து செய்வதுதான் பிள்ளையின் கடமை என்று நம்புகிறவள் நான். பழைய காலத்துப் பேச்சு என்றால் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. ரெசின் பிரிண்ட் மணிக்கணக்கில் ஓடும். அத்தனை நேரமும் மாஸ்க்கோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்களா? ஓட விட்டுவிட்டு வெளியே போகும்போது அந்த வாடையோடு வீட்டில் இருப்பது யார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பட்டறைக் காற்று கதவிடுக்கு வழியாக அம்மாவின் அறைக்குப் போகிறது. வெளியேற அதற்கு வேறு வழியே நீங்கள் வைக்கவில்லை. ஸ்பிலிட் ஏசி அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கார்பன் பெட்டியும் அதே காற்றைத்தான் சுற்றவிடுகிறது. ஹெப்பா நுண்துகள்களைப் பிடிக்கும், 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தை. ஆனால் ரெசின், பெயின்ட் ஆவி எல்லாம் வாயு, அது ஹெப்பாவைத் தாண்டிப் போய்விடும். வாயுவைப் பிடிப்பது கார்பன். அதிலும் மேசைப் பெட்டியில் இருக்கிற மெல்லிய கார்பன் அட்டை சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பியது பார்த்தால் தெரியாது, விசிறி மட்டும் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய இயந்திரம் வாங்கினாலும் இதே கதைதான், கொஞ்சம் நீளமாக. மாஸ்க்கும் துகளுக்கான சாதாரண மாஸ்க் என்றால் ஆவியைத் தடுக்காது. ஆக, உங்கள் பாதுகாப்பும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

காற்றை வெளியே தள்ளுங்கள். சுவரில் ஓட்டை வேண்டாம். ஜன்னலின் ஒரு பகுதியில் பலகை பொருத்தி, அதில் குழாய்க்கு ஒரு வட்டத் துளை போட்டால் போதும். பிரிண்டரையும், பிரிண்டைக் கழுவி யுவி விளக்கில் காயவைக்கிற சாமான்களையும் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியிலிருந்து குழாயை ஜன்னலுக்கு இழுங்கள். மூடிய பெட்டிக்குச் சின்ன விசிறியே போதும், ஆனால் பிரிண்ட் முடிந்த பிறகும் அது ஓட வேண்டும். விசிறியைப் பெட்டிப் பக்கம் வைக்காமல் குழாயின் ஜன்னல் முனையில் வையுங்கள். அப்போது குழாயில் எங்காவது விரிசல் இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர ஆவி வெளியே கசியாது. இதை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். குழாய் குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். வெளிமுனை அம்மாவின் ஜன்னலுக்கோ அண்டை வீட்டு ஜன்னலுக்கோ பக்கத்தில் இருக்கவே கூடாது.

சால்டரிங்குக்கு அதே குழாயில் ஒரு கிளை எடுக்கலாம். அந்தப் புகையில் எல்லாரும் ஈயத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகச் சொற்பம். அது கை வழியாக வாய்க்குப் போகிற பொருள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். புகையாக வருவது ஃப்ளக்ஸில், அதாவது சால்டர் நன்றாகப் பிடிக்கச் சேர்க்கிற பொருளில், இருக்கிற ரோசின் என்கிற மரப்பிசின். அதைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு கொஞ்சம் புகையே இழுப்பைக் கிளப்பும். குழாயின் வாய் வேலைக்கு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். 10 செ.மீ. அகலக் குழாய் என்றால், வாயிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போனாலே காற்றை இழுக்கிற வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். அரை மீட்டர் தள்ளிவைத்த விசிறி மனத்திருப்திக்குத்தான்.

விசிறி வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும். அது வீட்டுப் பக்கமிருந்து கதவிடுக்கு வழியாகப் பட்டறைக்குள் வரட்டும். அம்மாவின் அறைப் பக்கம் நின்று, இடுக்குக்கு நேராக ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடியுங்கள். அது பட்டறைப் பக்கம் சாய்ந்தால் வேலை சரி. அம்மாவை நோக்கிச் சாய்ந்தால் அன்றைக்கு இயந்திரத்தைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் கேஸில் எரிகிற வாட்டர் ஹீட்டர் ஏதாவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: விசிறியின் இழுப்பு அதன் எரிபுகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி இழுத்துவிடலாம், அதில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு இருக்கும்.

ஸ்ப்ரே பெயின்டுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அந்த ஆவி தீப்பற்றக்கூடியது, சாதாரண விசிறி மோட்டாரின் ஒரு பொறி போதும். அதை மொட்டை மாடிக்கோ திறந்த வெளிக்கோ கொண்டுபோங்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பெயின்ட் என்றால் டப்பாவில் ஐசோசயனேட் (நுரையீரலைக் கெடுக்கிற ஒரு ரசாயனம்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வீட்டில் அடிக்கிற பெயின்டே இல்லை, கைவிடுங்கள்.

இதெல்லாம் முடிகிறவரை பிரிண்டரை நிறுத்தி வையுங்கள். பாதியில் நிற்கிற விமானம் காத்திருக்கும். இன்று சாயங்காலமே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கண் எரிகிறதா, தலை வலிக்கிறதா, இருமல் உண்டா என்று கேளுங்கள். ‘ஒண்ணுமில்லப்பா’ என்பார். அதோடு எழுந்துவிடாதீர்கள், ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்றும் கேளுங்கள். ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போங்கள், ரெசினும் பெயின்டும் என்னென்ன என்று அவற்றின் பாதுகாப்புத் தகவல் தாள்களோடு. வயசானால் இருமல் வரத்தான் செய்யும் என்று டாக்டர் மருந்து எழுதிவிடுவதற்கு முன்னால், பக்கத்து அறையில் என்ன செய்கிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லிவிட வேண்டும்.