மகள் குவார்டெட் வாசிக்கப் போகிறேன் என்கிறார்: பெற்றோர் கேட்க வேண்டியவை

ஆர்கெஸ்ட்ராத் தேர்வுகளுக்குப் போகாமல், உடன் படிக்கும் மூன்று பேரோடு சேர்ந்து ஸ்ட்ரிங் குவார்டெட் தொடங்கப் போவதாக உங்கள் மகள் சொல்கிறார். மாதச் சம்பளம் யார் தருவார்கள் என்று கேட்கிறீர்கள். யாரும் தரமாட்டார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (உட்கார்ந்து முழங்கால்களுக்கு இடையில் வைத்து வாசிக்கும் பெரிய வாத்தியம்) கொண்ட இந்த நால்வர் குழு, முதலாளி இல்லாத ஒரு கூட்டுத் தொழில். ஆர்கெஸ்ட்ராவில் இடம் காலியானால் அறிவிப்பு வரும். பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும். தேர்வானால் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. குவார்டெட்டில் காலியிடம் என்பது பெயர்பெற்ற குழு ஒன்றிலிருந்து யாராவது விலகும்போது மட்டும்தான். மற்றபடி வேலையையும் வாசிப்பவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் மகளிடம் "உனக்குத் திறமை இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. இந்தக் கட்டம் வரை வந்தவர்கள் எல்லோருக்கும் அது இருக்கும். "அந்த மூன்று பேர் யார்? எத்தனை வருஷத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

வழக்கமான பாதை இது. நான்கு ஆண்டு இளநிலை, இரண்டு ஆண்டு முதுநிலை. அதன்பின் குழுவாகவே சேரும் பயிற்சி. நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளி உட்படச் சில இசைப்பள்ளிகளில் இளம் குவார்டெட்டை முழுக் குழுவாக எடுத்துக்கொண்டு, மூத்த கலைஞர்களிடம் பாடமும் உதவித்தொகையும் தருகிறார்கள். ஐரோப்பாவில் ஆல்பன் பெர்க் குவார்டெட்டின் வயோலாக் கலைஞர் ஹாட்டோ பையர்லே 2004-இல் தொடங்கிய ஐரோப்பிய அறையிசை (சிறு குழு இசை) அகாடமி இந்த வேலையைச் செய்கிறது. முதுநிலை முடித்ததும் நேரே மேடைக்குப் போய்விடலாம் என்று நினைக்கும் குழுக்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் காசில்லாமல் நின்றுவிடுகின்றன.

காசுக் கணக்கை ஒரு உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கச்சேரிக்குக் கட்டணம் 100 என்று வையுங்கள். ஏஜென்ட் 15 முதல் 20 வரை எடுத்துக்கொள்வார். பயணமும் தங்குமிடமும் 30 தின்றால் மிச்சம் 50. நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 12 சொச்சம். அதற்கும் வரி உண்டு. விமானத்தில் நாலு பேருக்கு ஐந்து டிக்கெட். செல்லோவைச் சரக்கறையில் போட்டால் கழுத்து முறிந்து வரலாம் என்பதால் அதற்கும் ஓர் இருக்கை. அந்த இருக்கை செல்லோவுக்கென்றே பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்யாவிட்டால், விமான வாசலில் வாக்குவாதம்தான். ஒற்றைக் கச்சேரிக்காகத் தூரதேசம் போனால் நஷ்டம். ஒரே சுற்றில் ஐந்தாறு கச்சேரிகள் அமைந்தால்தான் கை மிஞ்சும்.

இந்தத் தொழிலில் நிலையான வருமானம் என்று ஒன்று இருந்தால் அது பல்கலைக்கழகம் ஒரு குழுவையே பணியில் வைத்துக்கொள்ளும் 'இருப்புக் குவார்டெட்' பதவி. மாணவர்களுக்குப் பாடம், மாணவர் குவார்டெட்டுகளுக்குப் பயிற்சி, ஆண்டுக்குச் சில கச்சேரிகள்; மற்ற நாட்களில் வெளியூர்ப் பயணத்துக்கு அனுமதி. 1975-இல் புடாபெஸ்டில் தொடங்கிய டாகாச் குவார்டெட் 1980-களிலிருந்து கொலராடோ பல்கலைக்கழகத்தை வீடாக வைத்துத்தான் உலகம் சுற்றுகிறது. ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. கிடைத்தவர்கள் லேசில் விடுவதுமில்லை. எனவே மகள் பாடம் சொல்லிக்கொடுக்கவும் இப்போதே பழக வேண்டும். கற்பிப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் ஒருவர் குழுவில் இருந்தால், அது பின்னால் பெரிய தலைவலி.

ஒத்திகை என்பது என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வளரும் குழு ஒன்று நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் சேர்ந்து வாசிக்கும்; தனிச் சாதகம் அதற்கு மேல். ஒரு மாலைக் கச்சேரியில் மூன்று படைப்புகள், சுமார் 75 நிமிட இசை. ஹைடன் 68, மொஸார்ட் 23, பீத்தோவன் 16, ஷாஸ்டகோவிச் 15, பார்டோக் 6 என்று இசையமைப்பாளர்கள் எழுதிவைத்த குவார்டெட் படைப்புகள் காத்திருக்கின்றன. பீத்தோவனின் ஓபஸ் 131 மட்டுமே ஏழு பகுதிகளை இடைவெளியில்லாமல் ஏறக்குறைய 40 நிமிடம் ஓட்டும். நடுவில் தந்தி இறங்கினால் நிறுத்திச் சுருதி சேர்க்க வழியில்லை, விரலால்தான் சமாளிக்க வேண்டும்.

சுருதியைப் பற்றி இன்னும் கொஞ்சம். செல்லோவின் கீழ்த்தந்தி 'சி'. அங்கிருந்து ஒவ்வொரு தந்தியையும் சுத்தமான பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டே மேலே போனால், வயலினின் 'இ' தந்தி, அந்த 'சி'-க்குச் சேர வேண்டிய சுத்த அந்தரகாந்தாரத்தைவிட 81-க்கு 80 என்ற விகிதத்தில் ஏறி நிற்கும். அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. தனியாக வாசிக்கும்போது காதில் படாத இந்த வித்தியாசம், நாலு பேர் சி மேஜர் ஸ்வரக்கூட்டு ஒன்றைப் பிடிக்கும்போது பல்லைக் கூசவைக்கும். பஞ்சமங்களை மயிரிழை குறுக்கிச் சேர்ப்பது ஒரு வழி. மிச்சத்தைக் காதும் விரலும் பார்த்துக்கொள்ளும். தனிக் கலைஞராக ஜொலித்த பலர் இங்கேதான் திணறுகிறார்கள். தன் சுரம் சரியாக இருந்தும் அடுத்தவருக்காக நகர்த்த வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

அதைவிடப் பெரிய சிக்கல், நாலு இரட்டைப்படை எண். வேகத்தில், வில் வீச்சில் கருத்து வேறுபட்டால் இரண்டுக்கு இரண்டு என்று வாக்கு நின்றுவிடும். அனுபவமுள்ள குழுக்கள் பேச்சை வளர்க்காமல் இரண்டு விதமாகவும் வாசித்துப் பதிவு செய்து கேட்கும். அல்லது இந்தப் படைப்புக்கு இவர் சொல்வதே முடிவு என்று மாற்றி மாற்றிப் பொறுப்பு கொடுக்கும். எமர்சன் குவார்டெட்டின் (1976–2023) இரு வயலின் கலைஞர்களும் முதல், இரண்டாம் இடங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மகள் இரண்டாம் வயலின் என்றால், அது தாழ்ந்த இடம் என்று வீட்டில் யாரும் பேசாதிருப்பது நல்லது. உள்ளே தாளத்தையும் நிறத்தையும் தாங்குவது அந்த நாற்காலி.

போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு, பலவற்றில் 35. கனடாவின் பான்ஃப் போட்டியும் லண்டனின் விக்மோர் ஹால் போட்டியும் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கின்றன. 27 வயதில் குழு தொடங்கினால் ஒவ்வொரு போட்டியிலும் கைக்கு வருவது இரண்டு, மிஞ்சினால் மூன்று வாய்ப்புகள். பரிசுத் தொகையைவிட அதோடு வரும் கச்சேரிப் பயணங்களும் வழிகாட்டலும்தான் முக்கியம்.

வாத்தியம் வாங்க வீட்டை அடகு வைக்க வேண்டாம். உயர்தரப் பழைய வாத்தியங்களை அறக்கட்டளைகள் கடனாகத் தருகின்றன. புகழ்பெற்ற வயலின் மேதை பாகனினியிடம் ஒருகாலத்தில் இருந்த நாலு ஸ்ட்ராடிவேரியஸ்களை (ஸ்ட்ராடிவாரி என்பவர் செய்த பழைய வாத்தியங்கள்) நிப்பான் இசை அறக்கட்டளை டோக்கியோ குவார்டெட்டுக்கு 2013 வரை அப்படித்தான் கொடுத்திருந்தது. காப்பீடு யார் பொறுப்பு என்பதைக் கடன் பத்திரத்தில் பார்க்க வேண்டும். பழைய வில்லின் நுனியில் தந்தத் தகடு இருந்தால், எல்லை தாண்ட வனவிலங்கு வணிகச் சான்று தேவை. இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிபோகும்.

எழுத்து ஒப்பந்தத்தை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. நண்பர்களுக்குள் பத்திரமா என்று கூச்சப்படுவார்கள். அமெரிக்காவின் ஆடுபான் குவார்டெட்டில் 2000-இல் மூவர் சேர்ந்து முதல் வயலின் கலைஞரை நீக்க, வழக்கு நீதிமன்றம் போய், அவருக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்று தீர்ப்பானது. பெயர் யாருக்குச் சொந்தம், விலகுபவர் எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும், ஒப்புக்கொண்ட கச்சேரிகளை யார் முடிப்பது, பதிவுகளின் வருமானம், கர்ப்பம் அல்லது கைவலியால் ஓய்வு எடுத்தால் பங்கு என்ன, நீக்க எத்தனை வாக்கு: இத்தனையும் அதில் வர வேண்டும். நாலாகச் சமமாகப் பிரிப்பதுதான் வழக்கம். ஆனால் கடிதப் போக்குவரத்து, பயண ஏற்பாடு, கணக்கு ஆகிய மூன்றையும் ஒருவரே சுமந்தால் அவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும். இல்லையேல் மூன்றாம் ஆண்டில் வெடிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது, இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து அளவுகோலை இப்போதே பேசி முடிப்பது. முதல் ஆண்டு இறுதியில் முழுக் கச்சேரிக்கான மூன்று நிகழ்ச்சி நிரல்கள் தயாராக வேண்டும். வெட்டி ஒட்டாத நல்ல வீடியோப் பதிவு ஒன்று வேண்டும். இரண்டாம் ஆண்டுக்குள் குழுவாக ஒரு பயிற்சி இடமோ, போட்டியொன்றின் நேரடிச் சுற்றுக்கு அழைப்போ வந்திருக்க வேண்டும். இரண்டும் வராவிட்டால் தயங்காமல் ஆர்கெஸ்ட்ராத் தேர்வுக்குப் போகட்டும். அதற்காக, தேர்வில் கேட்கப்படும் ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளை வாரத்துக்கு நாலு மணி நேரமாவது இடைவிடாமல் சாதகம் செய்து வைத்திருக்க வேண்டும்.

மகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், குழுவினர் அனுமதித்தால் ஓர் ஒத்திகையில் ஒரு மணி நேரம் மூலையில் உட்காருங்கள். இசை புரியாவிட்டால் பரவாயில்லை. "நீ தாழ்ந்திருக்கிறாய்" என்று ஒருவர் சொன்னதும், மற்றவர் விரலை நகர்த்துகிறாரா, முகத்தைத் திருப்புகிறாரா என்று மட்டும் பாருங்கள்.