1976 ஸ்ட்ராடோகாஸ்டர்: எதைப் பழுதுபார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: என் பெரியப்பா வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. தலைப்பகுதியில் உள்ள வரிசை எண் எஸ்6 என்று தொடங்குகிறது. நடு பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பகுதி) ஊமையாகிவிட்டது, உடலின் பளபளப்பு மங்கிவிட்டது, சுருதியும் நிற்பதில்லை. புது வண்ணம் அடித்து, தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கம், இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்அப்பான ஹம்பக்கர் ஒன்றைப் பொருத்திக்கொள்ள விரும்புகிறேன். மதிப்புக் கெடாமல் செய்ய முடியுமா?

பதில்: வண்ணம் அடிக்கும் எண்ணத்தை மட்டும் கைவிடுங்கள், மற்ற அனைத்தையும், மரத்தில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடாமல் செய்துகொள்ளலாம். பழைய கிட்டார்களை வாங்குவோர் முதலில் பார்ப்பது அசல் பூச்சையும் குடையப்படாத மரத்தையும்தான். இவை இரண்டும் போனால் திரும்ப வராது.

எஸ்6 என்பது 1976ஆம் ஆண்டைக் குறிக்கும். ஆனால் கழுத்தைக் கழற்றி மாற்றிவிட முடியும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உடலின் முகப்பை மூடியிருக்கும் தகடான பிக்கார்டைத் திறக்கும்போது, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களின் உலோகக் கூட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் படியுங்கள். 1377633 என்று இருந்தால், 137 என்பது பாட்களைத் தயாரித்த சி.டி.எஸ். நிறுவனத்தின் அடையாளம், 76 ஆண்டு, 33 அந்த ஆண்டின் வாரம். கிட்டார் பூட்டப்பட்ட நாளுக்குச் சில மாதங்கள் முந்தைய தேதி இருப்பது இயல்பே.

இனி ஊமையான பிக்அப். மல்ட்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, பிக்அப்பின் இரு வயர்களுக்கும் இடையே அளந்து பாருங்கள். 5 முதல் 6.5 வரை காட்டினால் பிக்அப்பின் கம்பிச் சுருள் நலமாக இருக்கிறது, பழுது ஸ்விட்ச்சிலோ சால்டர் இணைப்பிலோ இருக்கிறது என்று பொருள். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அந்தச் செம்புக் கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியைப் போன்றது. பல நேரங்களில் அது உள்ளே அறுவதில்லை, அடித்தட்டின் சிறு கண்ணில் சால்டர் வைத்த இடத்தில்தான் அறும். ஆகவே மறுபடி சுற்றக் கொடுக்கும் முன் உருப்பெருக்கியில் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைப் பிக்அப்பில் சுருள் காந்தத் தண்டுகளின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருப்பதால், உயரத்தைச் சரிசெய்கிறேன் என்று தண்டுகளை ஒருபோதும் அழுத்தக்கூடாது. ஒரு தண்டு நகர்ந்தாலே கம்பி அறுந்துவிடும். காந்தம் திருப்புளியின் முனையை இழுத்துச் சுருளைக் கிழிப்பதும் அடிக்கடி நடக்கும் விபத்து.

முழு அளவு ஹம்பக்கருக்கு உடல் மரத்தைக் குடைய வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, ஒற்றைச் சுருள் பிக்அப்பின் அளவிலேயே செய்யப்படும் ஹம்பக்கரை வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் அசல் பிக்கார்டில் பொருத்த வேண்டாம். 11 திருகுகளைக் கழற்றி, ஜாக்குக்கும் பின்புற ஸ்பிரிங் பூட்டுக்கும் போகும் வயர்களை மட்டும் பிரித்தால், பிக்அப்கள், பாட்கள், ஸ்விட்ச் அனைத்தும் பிக்கார்டோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். அவற்றை அப்படியே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, புதிதாக வாங்கிய பிக்கார்டில் உங்கள் விருப்பப்படி எல்லாவற்றையும் அமையுங்கள். ஐந்து நிலை ஸ்விட்ச்சை ஃபெண்டர் 1977இல்தான் கொண்டுவந்தது. உங்களுடையது மூன்று நிலையாக இருக்கும். அந்தக் காலத்தில் நெம்புகோலை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி வாசித்தவர்கள் பலர். புதுப் பிக்கார்டில் ஐந்து நிலை வைத்தால் அந்தச் சிரமம் இராது.

பளபளப்பு மங்கியது பெரிய குறையல்ல. அந்த ஆண்டுகளில் உடலுக்குத் தடித்த பாலியெஸ்டர் பூச்சு கொடுத்தார்கள். மென்மையான பாலிஷும் பருத்தித் துணியும் போதும். தலைப்பகுதியின் முகப்பில் மட்டும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இருப்பதால், பெயர்ப் பட்டையைக் காக்க உலர்ந்த துணியோடு நிறுத்துங்கள்.

சுருதி நிற்காததற்குச் சாவிகளைக் குறை சொல்லி மாற்றிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டின் பள்ளங்களில் தந்தி சிக்குகிறதா என்று பாருங்கள்; சுருதி கூட்டும்போது 'டிக்' என்ற ஒலி வந்தால் அதுதான் காரணம். பென்சில் கரியைத் தடவியே பலர் சரிசெய்துவிடுகிறார்கள். அடுத்தது கழுத்து. இந்தக் காலத்துக் கழுத்தை மூன்று திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. அவை தளர்ந்தால் கழுத்து பக்கவாட்டில் நகர்ந்து, மெல்லிய முதல் தந்தி விளிம்பை ஒட்டி ஓடும். தந்திகளைத் தளர்த்தி, கழுத்தை நேராக்கி, திருகுகளை மறுபடி இறுக்குங்கள்.

கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியான டிரஸ் ராடின் முனை தலைப்பகுதியில் தோட்டா வடிவில் தெரியும். அதற்கு 1/8 அங்குல ஆலன் கீ வேண்டும். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் கீ சற்றுச் சிறியது. அதைப் போட்டுத் திருகினால் உள் விளிம்புகள் மழுங்கிவிடும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டுப் பார்த்து அடுத்த கால் சுற்றைத் திருப்புங்கள். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் தேய்ந்திருந்தால், மாற்றுவதற்கு முன் சமன்செய்து அரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேப்பிள் விரல்பலகையில் ஃப்ரெட்டைப் பிடுங்கினால் சுற்றியுள்ள பூச்சும் பெயர்ந்து வரும்.