சாய்தளம், வாசல், குளியலறை: சேலம் கட்டிடப் பொறியாளரிடம் கேட்டவை

அம்மாப்பேட்டை வாசகி: சார், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. வாசல் ஒன்றரை அடி உயரம். சாய்தளம் எவ்வளவு நீளம்?

18 அடி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். நேராக இடமில்லை என்றால் சுவரை ஒட்டி மடக்குங்கள். மடங்கும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விட்டால்தான் நாற்காலி திரும்பும். இரு பக்கமும் கைப்பிடி வையுங்கள். பைக் ஏற்ற மேஸ்திரி போடுகிற மூன்றடிச் சரிவு சாய்தளம் ஆகாது; ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும்.

ஏற்காடு விடுதிக்காரர்: மலைச்சரிவில் சாய்தளத்துக்கு இடமேது?

சரிவுதான் உங்களுக்கு வசதி. மேல் பக்கம் சாலை இருந்தால் மேல்தளத்துக்கு அங்கிருந்தே நேர்வழி விடுங்கள். ஓர் அறையும் சாப்பாட்டுக்கூடமும் அதே தளத்தில் இருந்தால் படியே வேண்டாம். மழைக்காலத்தில் அங்கே பாசி பிடிக்கும். வெளியே பாலிஷ் கிரானைட் வேண்டவே வேண்டாம், சொரசொரப்பான கல் போடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர்: வருகிறவரை நாங்களே நாற்காலியோடு தூக்கி உள்ளே விடுகிறோம். மனசு போதாதா?

போதாது அண்ணே. ஒரு பெண் சேலை எடுக்க வருகிறார். நான்கு ஆண்கள் தூக்கித்தான் உள்ளே போக வேண்டுமென்றால் மறுமுறை வருவாரா? மின்சார நாற்காலியைத் தூக்கவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவை இடங்களையும் சேர்த்தே பேசுகிறது.

அதே கடைக்காரர்: அப்படி வருகிறவரே எப்போதாவது ஒருவர்தானே?

படி இருப்பதால்தான் ஒருவர். மூட்டுவலிக்காரர், நிறைமாதப் பெண், துணிமூட்டை தூக்கும் உங்கள் ஆட்கள், எல்லோரும் அதே படியில்தான் திணறுகிறார்கள். எல்லோருக்குமான வடிவமைப்பு என்பதை முன்வைத்த அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். தனிச்சலுகை அவர் கேட்டதில்லை. கட்டும்போதே எல்லோரையும் நினைத்துக் கட்டச் சொன்னார். கடையைப் புதுப்பிக்கும்போது வாசல் உயரத்தைக் குறைத்துவிடுங்கள், சாய்தளமும் சிறியதாகும்.

சூரமங்கலம் வாசகர்: சாய்தளம் என்ன அளவு?

முதல் பதிலைப் படியுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்: இடமில்லை, 6 அடியில் முடித்தால்?

ஒன்றரை அடி உயரத்துக்குக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், பைக் சரிவு வேறு.

ஆத்தூர் வாசகர்: அடையாள அட்டைக்கு என்ன செய்ய?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓமலூர் வாசகி: அப்பாவுக்குக் குளியலறையில் எதை முதலில் மாற்றலாம்?

கதவை. திறந்தால் மூன்றடி வழி கிடைக்க வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் யாராலும் உள்ளே போக முடியாது.